பதினொன்றாம் வகுப்பிலேயே தொடங்கும் விமானப் படிப்பு

(மகளிர் தின விழாவில் நான் பேசியதை மலருக்காக எழுதித் தரச் சொன்னார்கள். நேரம் இல்லாமல் மேடையில் விட்டுப்போன சில கணக்குகளையும் சேர்த்திருக்கிறேன்.)



"பெண் பிள்ளைகளின் மேற்படிப்பு பத்தி பத்து நிமிஷம் பேசும்மா" என்று செயலாளர் அக்கா சொன்னார். நர்சிங் இருக்கு, பி.காம். இருக்கு, டீச்சர் டிரெயினிங் இருக்கு. இதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்லலாம் என்று விமானம் ஓட்டும் படிப்பை எடுத்துக்கொண்டேன். சிரிக்கிறீங்க இல்ல? பரவாயில்லை, எங்க வீட்டிலும் முதலில் எல்லாரும் சிரித்தார்கள். என் மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. "ராத்திரி டியூட்டி வருமா?" என்று கேட்டார்.

நான் பத்தாவது வரை படித்தவள். என் பெரிய பொண்ணு இப்போது பத்தாவது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். எட்டாவதிலிருந்தே பைலட் ஆகணும் என்கிறாள். ஒன்பதாவது வந்தும் பேச்சு மாறவில்லை. சரி, இது என்ன படிப்பு, எவ்வளவு செலவு, நம்மால் முடியுமா, முடியாது என்றால் எதனால் முடியாது என்று தெரிந்துகொண்டு பதில் சொல்லலாம் என்று இறங்கினேன். குழுவில் ஒருத்தர் கடன் கேட்டால் நாம் என்ன செய்கிறோம்? எதுக்கு, எவ்வளவு, எப்படித் திருப்பிக் கட்டுவே என்று கேட்டுவிட்டுத்தானே தீர்மானப் புத்தகத்தில் எழுதுகிறோம். பிள்ளை கேட்டதுக்கும் அதே மூணு கேள்விதான்.

அவள் பள்ளியின் இயற்பியல் டீச்சரிடம் கேட்டேன். எங்க தெருவில் விமானப்படையில் டெக்னீசியனாக இருந்து ரிட்டயர் ஆன சார் ஒருத்தர் இருக்கிறார், அவரிடம் கேட்டேன். டி.ஜி.சி.ஏ. என்று மத்திய அரசின் அலுவலகம் ஒன்று உண்டு. மோட்டார் வண்டிக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் எப்படியோ, விமானத்துக்கு அது அப்படி. அதன் விதிகளைப் பொண்ணு செல்போனில் படித்துக் காட்ட, நான் நோட்டில் எழுதினேன். அந்த நோட்டுதான் இப்போது என் கையில் இருக்கிறது.

எங்கள் ஊர் அகரம்தென் பக்கம். சேலையூர், மாடம்பாக்கம், வேங்கைவாசலிலிருந்து வந்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாடியில் வடகம் பிழிய உட்கார்ந்தால் தலைக்கு மேலே சின்ன விமானம் ஒன்று வட்டம் போட்டுக்கொண்டே இருக்கும். மீனம்பாக்கத்தில் இறங்கும் பெரிய விமானம் வேறு. இது தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்புவது. நான் கல்யாணமாகி வந்த புதிதில், ஒரே இடத்தை ஏன் சுத்திச் சுத்தி வருது என்று கேட்டதற்கு, "பழகுறாங்க" என்றார் என் வீட்டுக்காரர். அது பாதிதான் சரி. அங்கே இருப்பது விமானப் பயிற்றுநர் பள்ளி. 1948ல் அம்பாலாவில் தொடங்கி, 1954ல் தாம்பரத்துக்கு வந்தது. விமானம் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு, அதை இன்னொருத்தருக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று சொல்லித்தரும் இடம். பைலட்டுகளுக்கான டீச்சர் டிரெயினிங் ஸ்கூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாடு முழுக்க விமானப்படையில் பாடம் நடத்தும் வாத்தியார்கள் நம்ம தலைக்கு மேலே பழகிவிட்டுத்தான் போகிறார்கள். விமானச் சத்தத்தில் டி.வி. சீரியல் வசனம் கேட்கவில்லை என்று கோபப்படும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

இனி முக்கியமான விஷயம். நடுவில் யாராவது டீ குடிக்கப் போய்விட்டால்கூட இது ஒன்று காதில் விழுந்திருக்கட்டும் என்று முதலிலேயே சொல்கிறேன்.

சம்பளத்துக்கு விமானம் ஓட்ட வேண்டும் என்றால் சி.பி.எல். என்ற லைசென்ஸ் வேண்டும். கமர்ஷியல் பைலட் லைசென்ஸ். அதற்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், கணிதம் இரண்டிலும் தேறியிருக்க வேண்டும். இரண்டும் வேண்டும். சயின்ஸ் குரூப் எடுத்தால் போதும் என்று நம்மில் பல பேர் நினைக்கிறோம். தாவரவியல், விலங்கியல் உள்ள பியூர் சயின்ஸ் குரூப்பில் இயற்பியல் உண்டு, கணிதம் கிடையாது. காமர்ஸில் இரண்டுமே கிடையாது. ஃபர்ஸ்ட் குரூப் எடுத்த பிள்ளைக்குத்தான் இந்த வழி திறந்திருக்கும். பிள்ளைக்கு 15 வயது இருக்கும்போது, ஜூன் மாசம் ஒரு நாள் ஸ்கூல் ஆபீஸ் வாசலில் நின்று ஒரு படிவத்தில் டிக் அடிக்கிறோமே, விமானம் ஓட்டுவதும் ஓட்டாததும் அங்கேயே பாதி முடிவாகிவிடுகிறது. பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குக் கணக்கு, கஷ்டப்படும், காமர்ஸ் போடு என்று பெரியப்பாவோ மாமாவோ பக்கத்தில் நின்று சொல்வார்கள். அந்த நேரத்தில் அம்மாவுக்கு விவரம் தெரிந்திருந்தால் ஒரு வார்த்தை பேசலாம்.

வேறு குரூப் எடுத்துவிட்ட பிள்ளைகளுக்கும் ஒரு வழி இருக்கிறது. தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலமாகக் கணிதத்தையும் இயற்பியலையும் தனியாக எழுதித் தேறலாம். ஆனால் ஒரு வருஷம் கூடுதலாகும், பிள்ளைக்கும் சலிப்பு வரும். எந்த குரூப் படித்தாலும் போதும் என்று விதியை மாற்றப்போவதாகவும் ஒரு பேச்சு அடிபடுகிறது. பேச்சை நம்பி குரூப் எடுக்க முடியாது.

இதெல்லாம் ஆம்பளைங்க வேலை என்பவர்களுக்காகச் சில பெயர்களை எழுதி வைத்திருக்கிறேன். 1936லேயே லாகூரில் சர்ளா தக்ரால் என்பவர் தனியாக விமானம் ஓட்டினார். அப்போது அவருக்கு 21 வயது, வீட்டில் நாலு வயதுக் குழந்தை. புடவை கட்டிக்கொண்டுதான் விமானத்தில் ஏறினார். சுதந்திர இந்தியாவின் முதல் பெண் பைலட் என்று உஷா சுந்தரத்தைச் சொல்கிறார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் விமானம் ஓட்டக் கற்றவர், கணவரும் பைலட். பெங்களூர் ஜக்கூரில் அரசுப் பயிற்சிப் பள்ளியில் படித்து 1949ல் தேறினார். சென்னை அரசுக்காக வாங்கிய டவ் என்ற சின்ன விமானத்தை இங்கிலாந்திலிருந்து பம்பாய் வரை கணவனும் மனைவியுமாக 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார்கள். இங்கே தாம்பரத்திலிருந்து திருநெல்வேலிக்குப் புருஷனும் பொண்டாட்டியும் கார் எடுத்துக்கொண்டு போனாலே செங்கல்பட்டு தாண்டுவதற்குள் சண்டை வந்துவிடுகிறது.

விமானப்படையில் 1994ல் ஹரிதா கவுர் தியோல் தனியாக விமானம் ஓட்டினார். 2016ல் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும் போர் விமானப் பிரிவுக்கே போனார்கள். இன்றைக்கு நம் நாட்டுப் பயணிகள் விமான பைலட்டுகளில் நூற்றுக்கு 12 பேருக்கு மேல் பெண்கள். உலக அளவில் பார்த்தால் நூற்றுக்கு 5 பேர் அளவுதான். அமெரிக்கா, ஐரோப்பாவைவிட நாம் முன்னால் இருக்கிற ஒரு சில விஷயங்களில் இது ஒன்று.

சரி, குரூப் எடுத்து, பன்னிரண்டாவதும் தேறியாச்சு. அடுத்தது பணம் கட்டுவது என்று நினைக்காதீங்க. அடுத்தது டாக்டர்.

டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த டாக்டர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் முதலில் இரண்டாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனை, அதன் பிறகு அதைவிடக் கடுமையான முதல் வகுப்புப் பரிசோதனை. கண், காது, இதயம், ரத்தம் எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், கண்ணாடியோடு சரியாகத் தெரிந்தால் பயணிகள் விமானத்துக்குப் போகலாம். நிறம் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால்தான் சிக்கல். பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு தெரிய வேண்டுமே. நிறக்குருடு ஆண்களுக்குத்தான் அதிகம், பெண்களுக்கு அபூர்வம். இந்த ஒரு விஷயத்திலாவது நாம் கொடுத்துவைத்தவர்கள்.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் குழு அக்கா ஒருத்தரின் சொந்தத்தில் ஒரு பையன். ஒரு ஏஜென்சிக்காரர்கள் வீட்டுக்கே வந்து பேசினார்கள். வெளிநாட்டில் டிரெயினிங், வேலைக்கு கியாரண்டி, சீட்டு தீர்ந்துபோகும், உடனே 3 லட்சம் கட்டுங்கள் என்றார்கள். நகையை வைத்துக் கட்டினார்கள். அதன் பிறகுதான் மெடிக்கல். நிறக்குருடு என்று வந்துவிட்டது. பையனுக்கு 18 வயது வரைக்கும் அது தெரியவே இல்லை, பாவம். கட்டிய பணம் இன்று வரை திரும்பவில்லை. சில ஆயிரம் ரூபாயில் முடியும் பரிசோதனையை முதலில் செய்திருந்தால் நகை வீட்டில் இருந்திருக்கும். வேலைக்கு கியாரண்டி என்று யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். கியாரண்டியாக வேலை தரும் விமான லைசென்ஸ் எதுவும் கிடையாது. 2011ல் போலி மதிப்பெண் தாள் காட்டி லைசென்ஸ் வாங்கினவர்கள் பிடிபட்டு, வேலையும் போய் கேஸும் ஆனது பேப்பரில் வந்தது. குறுக்கு வழி காட்டுகிறவர்கள் இந்தத் தொழிலிலும் இருக்கிறார்கள்.

பயிற்சி என்றால் என்ன? 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்துக்குப் பொறுப்பாளராகப் பிள்ளையே ஓட்டியிருக்க வேண்டும். 300 கடல் மைல் தூரம் போய், வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி ஏறி வரும் பயணம் ஒன்று செய்ய வேண்டும். 300 கடல் மைல் என்றால் நம்ம கணக்கில் 555 கிலோமீட்டர். ராத்திரியில் 5 மணி நேரம், அதில் 10 தடவை ஏற்றி 10 தடவை இறக்க வேண்டும். (மாமியாருக்கு இந்த வரியை நான் இன்னும் படித்துக் காட்டவில்லை.) வெளியே பார்க்காமல், எதிரில் உள்ள கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பழகுவதும் உண்டு, மேகத்துக்குள் போனால் வேண்டுமே. ஹெலிகாப்டர் லைசென்ஸ் தனி, அதற்கு 150 மணி நேரம்.

முதலில் பக்கத்தில் பயிற்றுநர் உட்கார்ந்திருப்பார். நம்ம ஊர் டிரைவிங் ஸ்கூல் காரில் அவர் காலடியில் ஒரு பிரேக் இருக்குமே, அதுபோல இங்கே இரண்டு பேருக்கும் தனித்தனியாகக் கட்டுப்பாட்டுக் கருவிகள் உண்டு. சில வாரம் கழித்து ஒரு நாள், எதுவும் சொல்லாமல் அவர் பெல்ட்டைக் கழற்றி இறங்கிப் போவாராம். "நீயே ஒரு ரவுண்டு போய்ட்டு வா." பிள்ளை தனியாக ஏற்றி, ஒரு வட்டம் அடித்து, தனியாக இறக்க வேண்டும். அதற்கு சோலோ என்று பெயர். இறங்கி வந்ததும் கூட இருப்பவர்கள் பக்கெட் பக்கெட்டாகத் தலையில் தண்ணீர் ஊற்றுவார்களாம், உலகம் முழுக்க இந்த வழக்கம் இருக்கிறதாம். ரிட்டயர்டு சார் சொல்லும்போது நான், "மஞ்சத்தண்ணி ஊத்துற மாதிரியா சார்?" என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "அப்படித்தான்மா" என்றார்.

பறப்பது மட்டும் இல்லை, பரீட்சையும் இருக்கிறது. வழி கண்டுபிடிப்பது, வானிலை, விமானச் சட்டங்கள், இயந்திரம். ஒவ்வொன்றிலும் 70 மார்க் எடுத்தால்தான் பாஸ். 35 எடுத்துத் தப்பிக்கிற கதை இங்கே நடக்காது. ரேடியோவில் பேசுவதற்குத் தனிப் பரீட்சை. எல்லாம் இங்கிலீஷ். தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குப் பாடம் கஷ்டமாக இருக்காது, இந்தப் பேச்சுதான் முதலில் தடுக்கும். அதனால் இப்போதிருந்தே சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள் என்று டீச்சர் சொன்னார். எங்க வீட்டில் தினமும் சாயங்காலம் இங்கிலீஷ் பேப்பரைச் சத்தம் போட்டு வாசிக்கிறாள். கோழி முதற்கொண்டு எல்லாருக்கும் உலக நடப்பு தெரிகிறது.

இப்போது பணம். மேலாளர் சார் இருப்பதால் கொஞ்சம் பயத்தோடுதான் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள் சார். இந்த சி.பி.எல். படிப்புக்கு 40 லட்சத்திலிருந்து 60 லட்சம் வரை ஆகிறது. உத்தரப் பிரதேசத்தில் ஃபர்சத்கஞ்ச் என்ற ஊரில் மத்திய அரசின் இந்திரா காந்தி பெயரிலான விமானப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. நுழைவுத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். நல்ல பெயர் உள்ள இடம், ஆனால் அரசு இடம் என்று குறைவாக இருக்காது, அங்கேயும் 40 லட்சத்துக்கு மேல்தான். லைசென்ஸ் வாங்கிய பிறகு, எந்தப் பெரிய விமானத்தை ஓட்டப் போகிறோமோ அந்த ரகத்துக்கென்று தனிப் பயிற்சி, அது இன்னும் பல லட்சம்.

எங்கள் குழுவில் 12 பேர். 12 பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு வாங்கிய வங்கிக் கடன் 10 லட்சம். அப்படி ஐந்து குழுவின் கடன் சேர்ந்தால் ஒரு பிள்ளை பைலட். 50 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 10 வருஷம் என்று கணக்குப் போட்டால் மாதத் தவணை 66 ஆயிரம் வருகிறது. படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி தனி. கல்விக் கடன் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்பார்கள். எங்களிடம் இருப்பது ஒண்ணே கால் கிரவுண்டு வீடும் வீட்டுக்காரரின் லோடு ஆட்டோவும். வேலை கிடைத்துவிட்டால் தவணை பெரிய விஷயம் இல்லை. ஆனால் 2019ல் ஜெட் ஏர்வேஸ் நின்றது, 2020ல் கொரோனா வந்தது, 2023ல் கோ ஃபர்ஸ்ட் நின்றது. ஒவ்வொரு தடவையும் வருஷக்கணக்கில் அனுபவம் உள்ள பைலட்டுகளே வேலை தேடி அலைந்தார்கள். அந்த நேரத்தில் புது லைசென்ஸோடு நிற்கும் பிள்ளைக்கு முன்னால் எவ்வளவு நீள வரிசை என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டை வைத்து இந்தப் படிப்பில் இறங்குங்கள் என்று இந்த மேடையில் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஆதிதிராவிடர், பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை தரும் படிப்புகளின் பட்டியலில் இந்த சி.பி.எல். பயிற்சியும் இருக்கிறது. வருமான வரம்பு உண்டு. எவ்வளவு கிடைக்கும், எந்தப் பயிற்சி நிறுவனத்துக்குக் கிடைக்கும் என்பதை மாவட்ட நல அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் சேருங்கள்.

காசே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. அதுதான் விமானப்படை. நான் இவ்வளவு தூரம் விசாரித்ததில் நம்மைப் போன்ற வீடுகளுக்கு உண்மையிலேயே திறந்திருக்கும் வாசல் என்று எனக்குப் பட்டது இதுதான்.

இரண்டு வழியாகப் போகலாம். ஒன்று என்.டி.ஏ. தேர்வு. பன்னிரண்டாவது படிக்கும்போதே எழுதலாம், வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரை. ரொம்ப நாளாக ஆண் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இருந்தது. 2021ல் சுப்ரீம் கோர்ட் சொன்ன பிறகு பெண்களுக்கும் திறந்தார்கள். அந்த முதல் அணியில் 17 பெண்கள் 2025 மே மாதம் படிப்பு முடித்து வெளியே வந்தார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை தேர்வு, பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணமே கிடையாது. இன்னொன்று ஆஃப்கேட் தேர்வு. டிகிரி முடித்து 60 சதவீதம் வைத்திருக்க வேண்டும், வயது 20லிருந்து 24. அதற்கும் பன்னிரண்டாவதில் கணிதம், இயற்பியல் வேண்டும். பார்த்தீங்களா, திரும்பவும் அந்த குரூப்தான். தேறினால் ஹைதராபாத் பக்கத்தில் துண்டிகல் அகாடமியில் பயிற்சி. சாப்பாடு, தங்கல், விமானம், பெட்ரோல் எல்லாம் அரசு செலவு. கூடவே கையில் உதவித்தொகையும் தருகிறார்கள். பயிற்சி முடியும்வரை கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது என்பது விதி. மாப்பிள்ளை பார்க்க அவசரப்படும் வீடுகளில் இந்த விதியை அச்சடித்து மாட்டலாம்.

எழுத்துத் தேர்வுக்குப் பிறகு நாலைந்து நாள் நேர்முகத் தேர்வு, நமக்குப் பக்கம் மைசூரில் நடக்கிறது. பைலட் ஆகும் தகுதி இருக்கிறதா என்று கம்ப்யூட்டரில் ஒரு சோதனை வைப்பார்கள். அதை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எழுத முடியும். அப்புறம் உயரம். விமானம் ஓட்டும் பிரிவுக்கு 162.5 சென்டிமீட்டர் வேண்டும். ஆண், பெண் வித்தியாசம் இல்லை. கால் நீளத்தைக்கூட அளக்கிறார்கள், மிதி எட்ட வேண்டுமே.

என் பொண்ணு இன்றைக்கு 159. கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறோம், தீபாவளிக்குப் போட்ட கோட்டுக்கும் பொங்கலுக்குப் போட்ட கோட்டுக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளிதான். பெண் பிள்ளைகளுக்கு இந்த வயதில் பெரும்பாலும் வளர்ந்து முடிந்திருக்கும், இன்னும் கொஞ்சம் வளரலாம், சொல்ல முடியாது என்றார் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் அம்மா. அவள் பள்ளி மைதானத்தில் கம்பியில் தொங்குகிறாள். தொங்கினால் வளருமா என்று என்னைக் கேட்டாள். தொங்குடி, கை பலமாவது வரும் என்று சொல்லிவிட்டேன். மூணரை சென்டிமீட்டர். இந்த விரல் அகலம் இரண்டு வைத்தால் தீர்ந்துபோகிறது. அதில் நிற்கிறது எங்கள் வீட்டுக் கதை.

பயம் இல்லையா என்று கேட்கிறீர்கள். இருக்கிறது. 2025 நவம்பரில் தாம்பரத்திலிருந்து போன பயிற்சி விமானம் ஒன்று திருப்போரூர் பக்கம் விழுந்தது. பைலட் பாராசூட்டில் குதித்துத் தப்பினார். அன்று சாயங்காலம் தெருவே அதைத்தான் பேசியது. என் கொழுந்தனார் வந்து, "பார்த்தீங்களா அண்ணி, இதுக்குத்தான் சொன்னேன், காமர்ஸ் போடுங்க" என்றார். நான் பதில் பேசவில்லை. என் பொண்ணு சொன்னாள்: "சித்தப்பா, நீங்க தினமும் வேளச்சேரி ரோட்டில ஹெல்மெட் இல்லாம போறீங்களே." அதற்கு மேல் அவர் டீயைக் குடித்தார்.

கணக்கு, இயற்பியல் எடுத்துவிட்டுப் பைலட் ஆக முடியவில்லை என்றால் எல்லாம் வீணா என்று கேட்பவர்களுக்காக, குரோம்பேட்டையைச் சொல்கிறேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் நாம் தினமும் தாண்டிப் போகும் எம்.ஐ.டி.யில்தான் அப்துல் கலாம் ஐயா விமானப் பொறியியல் படித்தார். அவருக்கும் விமானப்படை பைலட் ஆகத்தான் ஆசை. டேராடூனுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனார். 25 பேரில் ஒன்பதாவது இடம். எடுத்தது எட்டுப் பேரை. அப்புறம் அவர் என்ன ஆனார் என்று உங்களுக்குத் தெரியும். அதே குரூப் படித்தால் விமானப் பொறியியல் இருக்கிறது, விமானம் பழுது பார்க்கும் படிப்பு இருக்கிறது. பி.எஸ்சி.யில் இயற்பியலும் கணிதமும் படித்து முடித்துவிட்டு, விமானங்களை ரேடியோவில் வழிநடத்தும் கட்டுப்பாட்டு அதிகாரி வேலைக்குத் தேர்வு எழுதலாம். அந்த வேலைக்குக் கட்டுப்பாட்டு அறைதான், விமானம் ஓட்ட வேண்டாம்.

கடைசியாக, பிள்ளைகளை விட்டுவிட்டு நம்மைப் பற்றி. ட்ரோன் ஓட்டுவதற்கும் இப்போது லைசென்ஸ் உண்டு, அதையும் அதே டி.ஜி.சி.ஏ. விதிப்படிதான் தருகிறார்கள். பத்தாவது பாஸ், 18லிருந்து 65 வயது. அந்த வரியை நான் இரண்டு தடவை படித்தேன். பத்தாவது பாஸ்! என்னையும் சேர்த்துத்தானே. 2023 நவம்பரில் மத்திய அரசு 'நமோ ட்ரோன் தீதி' என்று மகளிர் குழுக்களுக்காகவே ஒரு திட்டம் அறிவித்தது. 15,000 குழுக்கள், ட்ரோன் விலையில் 80 சதவீதம் மானியம், அதிகபட்சம் 8 லட்சம். குழுவில் ஒருத்தருக்கு 15 நாள் பயிற்சி. வயலுக்கு மருந்தும் உரமும் தெளித்து வாடகை வாங்குவது தொழில். என் அபிப்பிராயம், நம்ம பக்கத்துக்கு இது ஒத்துவராது. விமானப்படைத் தளத்தையும் மீனம்பாக்கத்தையும் சுற்றி அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்க விட முடியாது. அனுமதி கொடுத்தாலும் தெளிக்க வயல் எங்கே இருக்கு? எல்லாம் பிளாட் போட்டாச்சு. ஆனால் மதுராந்தகம், அச்சிறுபாக்கம், செய்யூர் பக்கத்துக் கூட்டமைப்புச் சகோதரிகள் கட்டாயம் விசாரிக்க வேண்டும். அங்கே நெல் வயல் இருக்கிறது, மருந்தடிக்க ஆள் கிடைப்பதில்லை.

எங்கள் வீட்டில் பேச்சு இன்னும் முடியவில்லை. குரூப் விஷயத்தில் மட்டும் முடிவாகிவிட்டது, ஃபர்ஸ்ட் குரூப். போன ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனாரும் சரி என்றுவிட்டார். என்.டி.ஏ.வுக்கு எழுதட்டும், உயரம் வந்தால் பார்ப்போம், வராவிட்டால் டிகிரி முடிப்பதற்குள் வேறு என்ன என்று அவளே சொல்லட்டும்.

கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. பத்தாவது ரிசல்ட் வந்ததும், பதினொன்றாவது சேர்க்கைக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை மத்தியானம் இந்தக் கட்டடத்தைத் தர வேண்டும். எங்க இயற்பியல் டீச்சரும் விமானப்படை சாரும் வருகிறேன் என்றிருக்கிறார்கள். பத்தாவது எழுதும் பிள்ளைகள் இருக்கும் அம்மாக்கள் பிள்ளையோடு வாருங்கள், கூடவே பெரியப்பா, மாமா யார் குரூப் சொல்வார்களோ அவர்களையும் கூட்டி வாருங்கள். டீ செலவு எங்கள் குழுவுடையது. பெயர் கொடுக்க வேண்டியவர்கள் சாப்பாட்டுக்குப் போகும் முன்னால் செயலாளர் அக்காவின் நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள்.